மூன்றாவது கேஸ்கட்

கம்பாட்கி காட் பெரிய மலையல்ல. புனேயிலிருந்து சதாரா போகும் நெடுஞ்சாலையில் குறுக்கிடும் ஓர் ஏற்றம், அவ்வளவுதான். அங்கிருந்து புனே திரும்புகிறவர்களுக்குக் குகைப்பாதை இருந்தது. போகிறவர்கள்தான் கியரைக் குறைத்து, வளைந்து வளைந்து ஏற வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் ஒரு விடியற்காலை, அந்த ஏற்றத்தின் பாதியில், அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, இரண்டு மாவுத் தூக்குகள் சகிதம் ஒரு பழைய டெம்போ டிராவலர் வேன் வெள்ளைப் புகை கக்கியபடி ஓரம் கட்டியது.

வேனின் சொந்தக்காரர் சமையல் காண்டிராக்டர். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். முப்பது வருடமாகப் புனேவாசி. நான் அவரை அண்ணாச்சி என்பேன். புனேக்காரர்களுக்கு அவர் வெறும் 'அண்ணா'. மராட்டியத்தில் தென்னிந்தியர் எல்லோரும் அண்ணாதான். ஐந்தரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"தம்பி, மறுபடியும் போயிட்டு."

என்ன போயிற்று என்று நான் கேட்கவில்லை. அந்த வருடம் ஏப்ரலில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை, அதே வேனுக்கு ஹெட் கேஸ்கட் மாற்றியாகிவிட்டது. இது மூன்றாவது.

பாத்திரங்களை ஒரு தக்காளி லாரியில் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சி சதாரா போய்ச் சேர்ந்தார். கல்யாண வீட்டில் இட்லிக்குப் பதில் உப்புமா. அதுவும் ஒரு மணி நேரம் தாமதம். பெண் வீட்டார் பெருந்தன்மையானவர்கள், எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது. ஒன்பது நாள் கழித்துக் கோலாப்பூரில் எண்ணூறு இலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அட்வான்ஸ் வாங்கியாயிற்று. அந்த அட்வான்ஸ்தான் இரண்டாவது கேஸ்கட்டுக்குப் போயிருந்தது.

காயலான் கடைக்குப் போட்டுவிடு என்றார் மைத்துனர். 2001 மாடல் வண்டி, பதினேழு வயது, யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வாடகை வேன் பிடித்தால் சமையலில் நிற்கும் காசு சக்கரத்துக்கே போய்விடும். புது வண்டி வாங்க வங்கி கடன் கொடுக்கும். அதை அடைக்க எத்தனை இலை போட வேண்டும் என்று அண்ணாச்சி கணக்குப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

இந்த இடத்தில் என்ஜினைப் பற்றி நாலு வார்த்தை. குற்றம் அதன் மேல் இல்லை. அந்தக் காலத்து டிராவலர்களில் இருந்தது மெர்சிடிஸ் வடிவமைத்த ஓஎம் 616 என்ற நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின். 2.4 லிட்டர். ஜெர்மனியில் 240 டி என்ற காரில் 1973-இல் வந்தது, டாக்சிக்காரர்களின் செல்லம். பின்னாளில் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் பெற்று அதை இங்கே தயாரித்தது. வேகம் கிடையாது. சத்தம் உண்டு. ஆனால் ஹெட், பிளாக் இரண்டும் வார்ப்பிரும்பு. இன்று பல வேன்களில் இருக்கும் அலுமினிய ஹெட் ஒரே சூட்டில் கோணிக்கொள்ளும். இது மூன்று சூடு தாங்கியது.

ஹெட் கேஸ்கட் என்பது பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உட்காரும் தகடு. தோசைத் திருப்பியின் கனம்தான் இருக்கும். அதன் வேலை மூன்று பகையாளிகளைப் பிரித்து வைப்பது: சிலிண்டருக்குள் எரியும் வாயு, சுற்றி ஓடும் குளிர்நீர், மேலேறி இறங்கும் எண்ணெய். டீசல் என்ஜினில் இது லேசான வேலையல்ல. இந்த என்ஜின் உள்ளே இழுத்த காற்றை இருபத்தொன்றில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஒரு நிமிடத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் இந்த அடியை வாங்கிக்கொண்டு தகடு அசையாமல் இருக்க வேண்டும். ஹெட் நேராக இருந்து, போல்ட்டுகள் சமமாக இழுத்துப் பிடித்து, சூடு எல்லை மீறாமல் இருந்தால் அது வருடக்கணக்கில் இருக்கும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் எங்காவது ஓரிடத்தில் கருகும்.

ஆக, கேஸ்கட் தானாகச் சாவதில்லை. அதைக் கொல்கிறார்கள். எட்டு மாதத்தில் மூன்று பலி என்றால் கொலையாளி வண்டிக்குள்ளேயே சவாரி செய்கிறான் என்று அர்த்தம். பழைய ஒர்க்ஷாப்பில் இரண்டு தடவையும் பிணத்தை அப்புறப்படுத்திவிட்டுப் பில் போட்டிருந்தார்கள்.

இந்த முறை வேனைக் கயிறு கட்டி இழுத்துப்போனது நானா பேட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு முதியவரின் பட்டறைக்கு. மெர்சிடிஸ் டீசல் என்ஜின்களோடு நாற்பது வருடம் புழங்கியவர். பையன்கள் அவரை உஸ்தாத் என்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு வண்டி வந்தது. அவர் ஸ்பானரைத் தொடவில்லை. "ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில் பார்க்கலாம்" என்று டீ சொன்னார். எண்ணெய் அளவுக்குச்சியை மட்டும் உருவி முகர்ந்து பார்த்தார். எண்ணெய் கறுப்பாக இருந்தது, நல்ல அடையாளம். தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்மை படிந்திருப்பதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில் வெறும் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். அதைக் காட்டியே கேஸ்கட்டை விற்றுவிடும் பட்டறைகள் உண்டு.

மறுநாள் காலை. என்ஜின் சில்லிட்டிருந்தது. உஸ்தாத் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் விளிம்பு வரை நிரப்பினார். பிறகு தண்ணீர்ப் பம்பைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கிளப்பச் சொன்னார். அண்ணாச்சி திகைத்தார். பம்பு ஓடாவிட்டால் தண்ணீர் அசையாது; அசையாத தண்ணீரில் குமிழி வந்தால் அது சிலிண்டர் வாயு அன்றி வேறில்லை. காரணம் அவ்வளவுதான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு மேல் இப்படி ஓட்டக் கூடாது. அரை நிமிடத்திலேயே பொங்கல் கொதிப்பதுபோல் குமிழி கிளம்பியது. அடுத்து நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக, துணி சுற்றிய ஸ்பானரால் லேசாகத் தளர்த்தி மறுபடி இறுக்கினார். நட்டைத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் எரியாது. மூன்றாவதைத் தளர்த்தியபோது குமிழிகள் அடங்கின. திறக்காமலே நோய் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது.

இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தப் பைப்பில் டீசல் பீறிடும் வேகம் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. வெளியே ஊசி குத்திய அடையாளம் மட்டும் தெரியும். உள்ளே விரலையே இழக்கும் அளவுக்குக் கேடு நடக்கும். விரலை அருகே கொண்டுபோக வேண்டாம். பட்டால் உடனே ஆஸ்பத்திரி.

பிரிப்பது ஒரு பகல் வேலை. பேட்டரி ஒயரைக் கழற்றி, ரேடியேட்டரிலும் பிளாக்கின் பக்கவாட்டிலும் தண்ணீரை வடித்து (கூலன்ட் கலந்த தண்ணீர் இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் செத்துப்போகும், வாளியில் பிடித்து மூடி வைக்க வேண்டும்), டீசல் பைப்புகள், இன்டேக், எக்ஸாஸ்ட் எல்லாம் விலக்கிய பிறகுதான் ஹெட் கண்ணில் படும். இந்த என்ஜினில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கிறது. கீழிருந்து ஒரு செயின் வந்து அதைச் சுற்றுகிறது. முதல் சிலிண்டரை உச்சியில் நிறுத்தி, செயினிலும் பல் சக்கரத்திலும் பெயின்ட் பொட்டு வைத்து, செயினைக் கம்பியால் கட்டித் தூக்கி நிறுத்தினார்கள். விட்டால் பாதாளத்தில் விழும். செயினை வழிநடத்தும் தகட்டின் பின் ஒன்று ஹெட்டுக்குள் குத்தி நிற்கிறது. அதை உருவ வேண்டும். முன்பக்கச் செயின் அறைக்குள் இரண்டு சிறிய போல்ட்டுகள் எண்ணெயில் ஒளிந்திருக்கின்றன. இவை தெரியாதவர்கள் ஹெட் வரவில்லையே என்று கடப்பாரை போட்டு நெம்புவார்கள். அண்ணாச்சியின் பிளாக்கின் ஓரத்தில் அப்படி ஒரு நெம்பலின் தழும்பு இருந்தது. உஸ்தாத் அதை விரலால் தடவிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

பெரிய போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கமாகக் கழற்றினால் நேரான ஹெட்டும் வளையும். கழற்றிய போல்ட்டுகள் ஓர் அட்டையில் ஓட்டை போட்டு அந்தந்த இடப்படி செருகப்பட்டன. இரண்டு பையன்கள் ஹெட்டைத் தூக்கினார்கள். இரும்பு ஹெட், முதுகு போகிற கனம்.

பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாதீர்கள். அது ஒரு சாட்சி. இதில் மூன்றாவது சிலிண்டரின் உலோக வளையம் கருகி, பக்கத்துத் தண்ணீர்த் துளை வரை பென்சில் கோடுபோல் ஒரு கறுப்புப் பாதை போயிருந்தது. காலையில் குமிழி சொன்ன அதே இடம்.

உஸ்தாத் ஹெட்டைத் துடைத்து, கத்தி விளிம்புபோன்ற இரும்புச் சட்டத்தை நீளவாட்டில் வைத்தார். பிறகு குறுக்காக, பிறகு மூலைக்கு மூலை. சட்டத்தின் அடியில் ஃபீலர் கேஜின் இதழைச் செருகினார். நடுவில் 0.15 மில்லிமீட்டர் இதழ் தாராளமாக உள்ளே போயிற்று. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே அதிகம் என்கிற இடம் இது. இதைப் போன தடவை பார்த்திருந்தால்? பார்த்திருக்க மாட்டார்கள். சட்டத்துக்கும் கேஜுக்கும் ஐந்து நிமிடம் போதும். ஆனால் கோணல் தெரிந்துவிட்டால் லேத்துக்கு அனுப்ப வேண்டும், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். தெரியாமல் இருப்பது எல்லோருக்கும் சௌகரியம்.

அடுத்து போல்ட்டுகள். பையன் ஒருவன் அவற்றை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வரிசையாக நிற்க வைத்தான். பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவுள்ளவை எல்லாம் ஒரே உயரம் இருக்க வேண்டும். இரண்டு மட்டும் அண்ணன்மார். இந்த என்ஜின் குடும்பத்தில் இரண்டு வகை ஹெட் போல்ட் உண்டு. பழைய வகையைச் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்கி, என்ஜின் சூடானபின் மறுபடி முறுக்க வேண்டும். பின்னால் வந்த வகை, வேண்டுமென்றே கொஞ்சம் நீண்டு, ரப்பர் பட்டைபோல் இழுத்துப் பிடிக்கும். அதை மறுபடி முறுக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நீளுவதால் ஓர் அளவுக்கு மேல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் இறுக்குவது, மருந்துச் சீட்டைப் படிக்காமல் மாத்திரை கொடுப்பதுதான். அண்ணாச்சி வண்டியில் இருந்தது இரண்டாவது வகை. இரண்டு தடவையும் பழைய போல்ட்டுகளையே திருப்பிப் போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, வேன் வாசலில் நிற்கும்போதே, 'ஆயிரம் கிலோமீட்டர் ஆச்சு' என்று இன்னொரு முறை முறுக்கியும் அனுப்பியிருந்தார்கள்.

கோணல் ஹெட், தளர்ந்த போல்ட். இரண்டும் பிடிபட்டதில் எனக்குத் திருப்தி. கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். உஸ்தாத் நினைக்கவில்லை. "இது ரெண்டும் சூட்டோட பிள்ளைங்க. சூடு எங்கேயிருந்து வந்துச்சு?" என்று இந்தியில் கேட்டுக்கொண்டே, மேல் ஹோஸ் வந்து சேரும் சின்ன வீட்டின் மூடியைத் திறந்தார். உள்ளே தெர்மோஸ்டாட் இருக்க வேண்டும். இல்லை. வெறும் ஓட்டை.

"அதை மார்ச்சிலேயே எடுத்தாச்சே" என்றார் அண்ணாச்சி. "வண்டி கொஞ்சம் சூடாச்சு. இதுதான் தண்ணியைத் தடுக்குது, நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம்னு எடுத்துப் போட்டாங்க."

இந்தியாவில் இந்த ஒரு வாக்கியத்தால் செத்த என்ஜின்கள் எத்தனையோ. குளிர்நாட்டுக்காரனுக்காக வைத்த பாகம், நமக்கு எதற்கு என்கிற தர்க்கம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் வழியில் ஒரு கதவு. கதவை எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும். தாராளமாக ஓடினால் குளிரும். சில என்ஜின்களில் இது உண்மையும்கூட. இந்த என்ஜினில் நேர் எதிர்.

இதன் தெர்மோஸ்டாட்டில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று ரேடியேட்டர் வாசல். இன்னொன்று கொல்லைப்புற வாசல்: என்ஜினிலிருந்து வரும் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் நேரே பம்புக்குத் திருப்பிவிடும் குறுக்குவழி. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது முன்வாசல் மூடி, கொல்லை திறந்திருக்கும். தண்ணீர் உள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். 80 டிகிரி வந்ததும் முன்வாசல் திறக்கத் தொடங்கும். அதே அசைவில் கொல்லை மூடத் தொடங்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால்? கொல்லை எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீர் சுலபமான வழியைத்தான் தேடும். அதில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே என்ஜினுக்குத் திரும்பும். சமதரையில் இது தெரியாது. பாரம் ஏற்றி, கம்பாட்கியில், கீழ் கியரில், எதிர்க்காற்று இல்லாமல் ஊர்ந்தால் தெரியும்.

மார்ச்சில் வண்டி 'கொஞ்சம் சூடானதற்கு'க் காரணம் வேறு. ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்தபோது பாதிக் குழாய்கள் சுண்ணாம்பால் அடைத்திருந்தன. அண்ணாச்சி சமையல் கூடத்தின் போர்வெல் தண்ணீரைத்தான் பத்து வருடமாக ஊற்றி வந்திருக்கிறார். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று சமையலுக்கு கார்ப்பரேஷன் தண்ணீர் பிடிப்பவர் அவர். வேனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

ஆக வரிசை இப்படி. உப்புத் தண்ணீர் ரேடியேட்டரை அடைத்தது. அதற்கு வைத்தியமாகத் தெர்மோஸ்டாட்டை எடுத்தார்கள். சூடு கூடிற்று. ஹெட் கோணியது, முதல் கேஸ்கட் போயிற்று. கோணல் ஹெட்டின் கீழ் இரண்டாவது போட்டார்கள், நீண்ட போல்ட்டால் இறுக்கினார்கள். அதுவும் போயிற்று. ஒவ்வொரு தப்பும் முந்தைய தப்புக்கு மருந்தாகச் செய்யப்பட்டது.

இதைச் சொல்லிப் புரியவைப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அண்ணாச்சி தலையாட்டினாரே தவிர முகத்தில் சந்தேகம் போகவில்லை. உஸ்தாத் புதுத் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கிவரச் சொல்லி, "அண்ணா, அடுப்பு உங்க டிபார்ட்மென்ட்" என்றார். டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டவ் வந்தது. ஒரு சட்டித் தண்ணீரில் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியையும் விட்டார்கள். புது ஜாமான் என்றாலும் போடுவதற்கு முன் இப்படிச் சோதிப்பது நல்லது. பெட்டியிலேயே செத்த தெர்மோஸ்டாட்டுகள் விற்பனைக்கு உண்டு. எழுபது டிகிரியில் ஒன்றுமில்லை. எண்பதைத் தாண்டியதும் மேல் தட்டு மயிரிழை அசைந்தது. தொண்ணூறை நெருங்கியபோது மேலே நன்றாகத் திறந்து, அடித்தட்டு கீழே இறங்கியிருந்தது. அண்ணாச்சி சட்டியின் மேல் குனிந்து, ஆவி முகத்தில் அடிக்க, வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு கதவு திறக்கையில இன்னொண்ணு சாத்துது."

"ஆமாம்."

"எடுத்துட்டா ரெண்டும் தொறந்து கெடக்கும்."

அதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை.

ஹெட் மூன்றாம் நாள் லேத்திலிருந்து வந்தது. டீசல் ஹெட்டைத் தேய்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த என்ஜினில் டீசல் முதலில் ஹெட்டுக்குள் இருக்கும் சிறு அறை ஒன்றில் எரியத் தொடங்குகிறது. அந்த அறையின் நுனி ஹெட்டின் முகத்திலிருந்து கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கழற்றாமல் தேய்த்தால் அறை போயிற்று. தேய்த்த பிறகு ஹெட்டின் கனம் கையேடு அனுமதிக்கும் அளவுக்குக் கீழே போகவில்லையா, வால்வுகள் பிஸ்டனுக்கு மிக அருகில் வந்துவிடவில்லையா என்று அளந்தாக வேண்டும். வால்வுகளுக்கு நடுவே விரிசல் உண்டா என்று சாயம் தடவிப் பார்த்தார்கள். இல்லை. இரும்பின் புண்ணியம்.

இதற்கிடையே பிளாக்கைச் சுத்தம் செய்தார்கள். சுழலும் எமரிச் சக்கரத்தை உஸ்தாத் பட்டறைக்குள் விடுவதில்லை. அதன் பொடி எண்ணெயோடு கலந்து பேரிங்குகளைத் தின்னும். சிலிண்டர்களில் துணி அடைத்து, தட்டையான சுரண்டியால், ஈரம் தொட்டுத் தொட்டுச் சுரண்டினான் பையன். ஈரத்துக்குக் காரணம் உண்டு: பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்கலாம், உலர்ந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. போல்ட் துளைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சிக் காயவைத்தார்கள். அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது போக வழியின்றி பிளாக்கையே பிளக்கும். அதற்கு முன்பே இறுக்கக் கணக்கும் பொய்யாகிவிடும்.

புது கேஸ்கட் வைக்கும் கட்டம் சப்பென்று முடிந்துவிட்டது. எழுத்துள்ள பக்கம் மேலே. ஷெல்லாக் கிடையாது, பசை கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத இரண்டு முகங்களுக்கு நடுவே உலர்ந்த தகடு. "பசை தடவினா மெக்கானிக்குக்குத் தூக்கம் வரும், என்ஜினுக்கு வராது" என்றார் உஸ்தாத். கேஸ்கட்டை மட்டும் நல்ல கடையில் வாங்கச் சொன்னார். மொத்தச் செலவில் அது ஒரு சின்னப் பங்கு. போலிச் சரக்கு வாங்கி அதில் மிச்சம் பிடிப்பது, கல்யாணச் சாப்பாட்டில் உப்பை மிச்சம் பிடிப்பது மாதிரி.

இறுக்கும் நேரம் வந்தபோது நான் ஒரு வித்தையை எதிர்பார்த்தேன். நாற்பது வருடக் கை. ஸ்பானரைத் தொட்டாலே இறுக்கம் தெரியும் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருந்தேன். உஸ்தாத் அலமாரியைத் திறந்து, வெல்வெட் துணியில் சுற்றிய டார்க் ரெஞ்சை எடுத்தார். கூடவே எண்ணெய்க் கறை படிந்த கையேடு. கண்ணாடி மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திறந்து வைத்தார். எண் மனப்பாடமாகத் தெரியும், ஆனாலும் பார்த்தார். நடுவிலிருந்து வெளியே சுருள் சுருளாக, முதல் சுற்று 40 நியூட்டன் மீட்டர். இரண்டாவது சுற்று 70. பிறகு பத்து நிமிடம் யாரும் தொடக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் தகடு அமுங்கி உட்காருகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் முதலில் தொலைந்துபோவதும் அந்தப் பத்து நிமிடம்தான். அதன்பின் எண் கிடையாது, கோணம்: ஒவ்வொரு போல்ட்டையும் கால் சுற்று. மறுபடி எல்லாவற்றையும் கால் சுற்று. புது போல்ட்டுகள், இழையிலும் தலைக்கு அடியிலும் துளி எண்ணெய். இந்த எண்கள் இந்த வகை என்ஜினுக்கு, இந்த வகை போல்ட்டுக்கு மட்டும். உங்கள் வேனுக்கு உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

கை பொய் சொல்லுமா என்று பிறகு கேட்டேன். "காலையில் ஒண்ணு சொல்லும், சாப்பிட்ட பிறகு ஒண்ணு சொல்லும்" என்றார்.

மீதி வேலைகள் வழக்கமானவை. செயின் பொட்டுகள் சேர்ந்தன. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில், இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். என்ஜினை ஸ்டார்ட்டரால் கிளப்புவதற்கு முன் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தார்கள். எங்காவது இடித்தால் கையில் தெரியும், ஸ்டார்ட்டருக்குத் தெரியாது. புது எண்ணெய், புது ஃபில்டர். கம்பி விட்டுச் சுத்தம் செய்த ரேடியேட்டர், காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட், புது ரேடியேட்டர் மூடி. மூடியை அலட்சியம் செய்யக் கூடாது. புனேயின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி ஒரு பார் அழுத்தம் பிடித்தால் அதையே 120 வரை கொதிக்காமல் வைக்கலாம். குக்கர் வெயிட் போடுவது எதற்கு என்று அண்ணாச்சிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுடச்சுட அந்த மூடியைத் திறப்பதும் விசில் அடங்காத குக்கரைத் திறப்பதும் ஒன்றே.

என்ஜின் கிளம்பியதும் மறுபடி வெள்ளைப் புகை. அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. எக்ஸாஸ்ட் குழாயில் தங்கிய பழைய தண்ணீர் ஆவியாகிறது, பொறுங்கள் என்றார்கள். கால் மணியில் நின்றது. மேல் ஹோஸ் முதலில் குளிர்ந்தே இருந்து, முள் 80-ஐத் தாண்டியபின் திடீரென்று சூடானது. கதவு திறந்துவிட்டது.

மொத்தம் ஏழு நாள் ஆயிற்று. உஸ்தாத்தின் பில், முந்தைய இரண்டு பில்களையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அதிகம். மலிவாக முடித்துக்கொடுத்த பட்டறையை அண்ணாச்சி திட்டவில்லை. அன்று அவர்கள் சொன்ன தொகைக்கு முகம் மலர்ந்தவர் தான்தான் என்று ஒத்துக்கொண்டார். பழைய போல்ட்டுகளை, கேஸ்கட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காததும் தான்தான்.

ஒன்பதாம் நாளுக்கு முந்தைய இரவு வேன் கோலாப்பூருக்குக் கிளம்பியது. நானும் முன் சீட்டில். கம்பாட்கியின் அடிவாரத்தில் பேச்சு நின்றது. மூவரும் சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம், டிரைவர் உள்பட. அவரைச் சாலையைப் பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. முள் கொஞ்சம் ஏறியது. போன தடவை நின்ற வளைவில் இன்னும் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. உச்சியில் அண்ணாச்சி வண்டியை நிறுத்தச் சொன்னார். என்ஜினை அணைக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஏறி வந்த சூட்டில் சட்டென்று அணைத்தால் தண்ணீரும் நின்றுவிடும் என்பது இப்போது அவருக்கே தெரிந்திருந்தது. இறங்கி, அடியில் சொட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். சொட்டவில்லை.

வேன் அதன் பிறகு பல முகூர்த்தம் பார்த்தது. 2019 மே மாதம் சோலாப்பூர் அருகே ஒரு ஹோஸ் கிழிந்து, சாலையோர மெக்கானிக் ஒருவரிடம் நிறுத்தினார்கள். ஹோஸை மாற்றிய இளைஞன் தெர்மோஸ்டாட்டின் மூடியில் ஸ்பானரை வைத்தபடி, "அண்ணா, இதையும் எடுத்துடலாமா? வெயில் காலம், வண்டி கூலா ஓடும்" என்று கேட்டானாம். அண்ணாச்சி அவன் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு சட்டித் தண்ணீரும் ஸ்டவ்வும் கிடைக்குமா என்று விசாரித்தாராம்.